காய்ச்சினாலும் போகாத உப்பு



நமது டிரஸ்ட் நடத்திய இலவச மருத்துவ முகாமுக்குக் கைக்குழந்தையோடு வந்த ஒரு சகோதரி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய ஊரைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகள். "போர் தண்ணியிலதான் புள்ளைக்குப் பால் பவுடர் கலக்குறேன். நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் குடுக்குறேன். அது போதும்ல?" என்றார். அங்கே இருந்த நாங்கள் எல்லோரும் யோசிக்காமல் "போதும்மா" என்று சொல்லிவிட்டோம்.

கிருமிகளைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரிதான். ஆனால் நம் பகுதித் தண்ணீரைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைப் பிறகு தேடிப் படித்தபோது, நாங்கள் சொன்னது பாதிப் பதில்தான் என்பது புரிந்தது. மீதிப் பாதியை அந்தச் சகோதரிக்கும், அவரைப் போன்ற எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

இரண்டு வகைக் கேடு

தண்ணீர் இரண்டு வகையில் கெடும். ஒன்று, உயிருள்ள கிருமிகளால். சாக்கடை கலந்த தண்ணீரில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியாக்கள் இருக்கும். கொதிக்க வைத்தால் அவை செத்துவிடும். குளோரின் போட்டாலும் சாகும். நம் பெரியவர்கள் "தண்ணியைக் காய்ச்சிக் குடி" என்று சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான்.

இன்னொன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளாலும் ரசாயனங்களாலும். இவற்றுக்கு உயிர் கிடையாது. உயிர் இல்லாததைக் கொதிக்க வைத்துக் கொல்ல முடியாது. கடல்நீரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே தங்கும். அதே போல உப்பு கலந்த போர் தண்ணீரை அதிக நேரம் கொதிக்க விட்டால், மிஞ்சும் தண்ணீரில் உப்பின் அளவு கூடுமே தவிரக் குறையாது.

பட்டாசுத் தொழில் நடக்கும் இடங்களில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய உப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் பெர்குளோரேட்.

பட்டாசு மருந்தில் இதற்கு என்ன வேலை?

எந்தப் பொருளும் எரிய ஆக்சிஜன் வேண்டும். பட்டாசுக்குள் அடைத்த மருந்து கண் இமைக்கும் நேரத்தில் எரிய வேண்டும், அவ்வளவு வேகத்துக்கு வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜன் போதாது. ஆகவே ஆக்சிஜனைத் தன்னுள் கட்டி வைத்திருக்கும் உப்பு ஒன்றை மருந்தோடு கலக்கிறார்கள். வெடியுப்பு என்று நாம் சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட் அப்படிப்பட்டது. பச்சை உப்பு என்று தொழிலில் சொல்லப்படும் பேரியம் நைட்ரேட்டும் அப்படித்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். வண்ணம் காட்டும் ரகங்களிலும் வானவெடிகளிலும் பயன்படும் பொட்டாசியம் பெர்குளோரேட் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

முன்பு இந்த வேலைக்குக் குளோரேட் உப்பைப் பயன்படுத்தினார்கள். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உரசலிலேயே தீப்பிடிக்கும். அந்தக் கலவையில் பட்டாசு செய்வதை மத்திய அரசு 1992 ஜனவரியில் தடை செய்தது. பெர்குளோரேட் அதைவிட நிலையானது, எளிதில் சிதையாது. அதைக் கையாளும் தொழிலாளிக்கு இது நல்ல குணம். தண்ணீரில் கலந்துவிட்டால் நமக்குத் தொல்லை தருவதும் இதே குணம்தான். எளிதில் சிதையாத பொருள் தண்ணீரிலும் நெடுங்காலம் சிதையாமல் கிடக்கும்.

இன்னும் சில குணங்களையும் சொல்ல வேண்டும். பொட்டாசியம் பெர்குளோரேட் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 15 கிராம் கரையும். கரைந்த பிறகு மண்ணோடு ஒட்டாது, ஆவியாகவும் ஆகாது. மழைத்தண்ணீர் எங்கே இறங்குகிறதோ அங்கே இதுவும் இறங்கும். நிறம், சுவை, மணம் எதையும் மாற்றாது.

எவ்வளவு சிறிய அளவு எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆலோசனை அளவாகச் சொன்னது லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இந்தக் கணக்குப்படி, 1 கிராம் பொட்டாசியம் பெர்குளோரேட் சுமார் 48,000 லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரி நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை தண்ணீருக்கும் ஒரு சிட்டிகை உப்பு போதும்.

நம் பகுதியில் அளந்தபோது

சிவகாசி, மதுரை வட்டாரத் தண்ணீரை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. 60 நிலத்தடி நீர் மாதிரிகளை எடுத்தார்கள். அவற்றில் 57 சிவகாசிப் பகுதியைச் சேர்ந்தவை. அந்த 57-ல் 17 மாதிரிகளில் பெர்குளோரேட் 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அதிகபட்சமாக ஒரு மாதிரியில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் இருந்தது. மதுரை மாதிரிகளில் ஒன்றுகூட 15-ஐத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைகள் உள்ள இடங்களில்தான் அளவு மிகக் கூடுதலாக இருந்ததால், பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே இதற்கு முக்கிய ஊற்று என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள்.

அதே ஆய்வில் மேற்பரப்பு நீர் மாதிரிகள் 11 எடுக்கப்பட்டன. அவற்றில் அதிகபட்சம் 30.2 மைக்ரோகிராம். குழாய்த் தண்ணீர் மாதிரிகள் மூன்றில் எதுவும் 0.4 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை.

இந்த எண்களை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். 57-ல் 17 என்றால் மீதி 40 மாதிரிகள் அந்த அளவுக்குக் கீழே இருந்தன என்றும் பொருள். 7,690 என்பது ஒரே ஓர் இடத்தின் அளவு. அந்த ஆய்வு தண்ணீரை அளந்தது, மனிதர்களின் உடம்பை அளக்கவில்லை. மக்களின் உடல்நலம் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே பீதி அடையத் தேவையில்லை, அலட்சியமாக இருக்கவும் கூடாது.

தண்ணீருக்குள் இது எப்படிப் போகிறது? மருந்து கலக்கும் அறையையும் பாத்திரங்களையும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். உரசலில் தீப்பிடிக்காமல் இருக்க அப்படிக் கழுவித்தான் ஆக வேண்டும், அதை நிறுத்தச் சொல்ல முடியாது. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதே கேள்வி. வெறும் மண்ணில் விட்டால் உப்பு மண்ணுக்குள் இறங்கும். கழிவு மருந்தைத் திறந்த குழியில் எரித்தால் எரியாமல் தங்கியதை அடுத்த மழை கரைத்துக்கொண்டு போகும். நம் மாவட்டத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஓடைகள் அப்போது அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் ஓடும், கண்மாய்கள் நிரம்பும். கரிசல் மண்ணுக்குக் கீழே கடினமான பாறை. பாறை வெடிப்புகளில் தங்கும் தண்ணீர்தான் நம் போர்களில் வருகிறது. அங்கே போய்ச் சேர்ந்த உப்பு எளிதில் வெளியேறாது.

உடம்பில் என்ன செய்கிறது?

நம் கழுத்தின் முன்பக்கம் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் தேவையான ஹார்மோனை அது சுரக்கிறது. அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். இரத்தத்தில் வரும் அயோடினைச் சுரப்பிக்குள் இழுத்துக்கொள்ள ஒரு வாசல் உண்டு. பெர்குளோரேட் அந்த வாசலில் அயோடினோடு போட்டிக்கு நிற்கிறது. பெர்குளோரேட் கூடக் கூட, உள்ளே போகும் அயோடின் குறையும். இந்தக் குணத்தை வைத்தே 1950-களில் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயாளிகளுக்கு இதை மருந்தாகவும் கொடுத்தார்கள்.

நல்ல உடல்நலமும் போதிய அயோடினும் உள்ள பெரியவர்களின் உடம்பு சிறிய அளவைச் சமாளித்துக்கொள்ளும். கவலைக்குரியவர்கள் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கும். பிறந்த குழந்தையின் தைராய்டில் சேமிப்பு மிகக் குறைவு. இந்தக் காலத்தில் ஹார்மோன் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஏற்கெனவே அயோடின் குறைவாகச் சாப்பிடும் தாய்க்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

எவ்வளவு வரை பாதுகாப்பு என்பதில் நாடுகள் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2007-ல் 6 என்று சட்டமாக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2006-லேயே 2 என்று வைத்தது. கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் எவ்வளவு முன்னெச்சரிக்கையோடு கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறுகிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 பட்டியலில் பெர்குளோரேட்டுக்கு வரம்பே கிடையாது. வரம்பு இல்லாததால் வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையிலும் அதைப் பார்ப்பதில்லை. "தண்ணீரை டெஸ்ட் பண்ணினோம், நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பரிசோதனையில் பெர்குளோரேட் சேர்ந்திருந்ததா என்று கேட்க வேண்டும்.

சிலர் டி.டி.எஸ். மீட்டரை நம்புகிறார்கள். அந்தக் கருவி கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தத்தைக் காட்டும், எந்த உப்பு என்று பிரித்துக் காட்டாது. ஒரு போரில் டி.டி.எஸ். 1,500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வில் கண்ட அதிகபட்ச அளவான 7,690 மைக்ரோகிராம் என்பது 8 மில்லிகிராம்கூட இல்லை. 1,500-ல் 8 கூடினாலும் குறைந்தாலும் மீட்டரைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இதைச் சிதைக்கும் பாக்டீரியா

காய்ச்சினாலும் போகாத, குளோரினுக்கும் அசையாத இந்த உப்பை அல்லாஹ் படைத்த மிகச் சிறிய உயிர்கள் சில சிதைக்கின்றன. அவை பாக்டீரியாக்கள்தான். பாக்டீரியா என்றாலே நோய் என்று நாம் நினைக்கிறோம். நோய் தருபவை அவற்றில் ஒரு சிறு கூட்டம் மட்டுமே. மண்ணிலும் சேற்றிலும் வாழும் பெரும் கூட்டம் நமக்குத் தெரியாமல் துப்புரவு வேலை செய்துகொண்டிருக்கிறது.

அவை செய்வது இதுதான். நாம் சாப்பிட்ட உணவிலிருந்து சக்தி எடுக்க ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம். காற்று நுழையாத சேற்றுக்குள் வாழும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அவற்றில் சில வகைகள் பெர்குளோரேட்டில் கட்டுண்டு கிடக்கும் ஆக்சிஜனைக் கழற்றிப் பயன்படுத்திக்கொள்கின்றன. பட்டாசு மருந்து எரிவதற்கு எந்த ஆக்சிஜன் உதவியதோ, அதே ஆக்சிஜனில் இவை உயிர் வாழ்கின்றன. பெர்குளோரேட் முதலில் குளோரேட்டாகிறது, பிறகு குளோரைட்டாகிறது, கடைசியில் குளோரைடும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடுகிறது. குளோரைடு நம் சாப்பாட்டு உப்பில் இருப்பதுதான்.

இந்த வேலை நடக்கச் சில நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அந்த இடத்தில் காற்று கலந்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா பெர்குளோரேட்டைத் தொடாது. இரண்டாவது, தின்ன உணவு வேண்டும். மக்கிய இலை, செடி கொடி போன்ற கரிமப் பொருளே அதன் உணவு. மூன்றாவது, நைட்ரேட் அதிகம் இருக்கக் கூடாது. இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். நான்காவது, போதிய அவகாசம் வேண்டும்.

இப்போது நம் ஊர் நிலைமையைப் பொருத்திப் பாருங்கள். கண்மாய்ச் சேற்றில் மக்கிய பொருள் உண்டு, காற்றும் குறைவு. அங்கே இந்த வேலை ஓரளவு நடக்க வாய்ப்பு உண்டு. ஆய்வில் மேற்பரப்பு நீரில் அளவு குறைவாக இருந்ததற்கு மழைநீர் கலப்பது ஒரு காரணமாக இருக்கலாம், இந்தப் பாக்டீரியாக்களும் ஒரு காரணமாக இருக்கலாம். பல நூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்பில் நிற்கும் தண்ணீரில் மக்கிய பொருள் மிகக் குறைவு. பாக்டீரியாவுக்கு அங்கே சாப்பாடு இல்லை, ஆகவே உப்பு அப்படியே கிடக்கும். பட்டாசுக் கழிவில் வெடியுப்பும் சேர்ந்தே வருவதால் நைட்ரேட்டும் குறுக்கே நிற்கிறது. "ஆழமாகப் போர் போட்டால் சுத்தமான தண்ணீர் வரும்" என்ற நம் நம்பிக்கை இந்த உப்பின் விஷயத்தில் சரியாகாது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறோம். பாக்டீரியா சிதைக்கிறது என்று கேட்டு, யாரும் கிணற்றிலோ போரிலோ சாணமும் குப்பையும் போட்டுவிடக் கூடாது. நோய்க் கிருமிதான் பெருகும். கண்மாயே சுத்தம் செய்துகொள்ளும் என்று கழிவை அதில் விடுவதும் தவறு.

மற்ற ஊர்களில் நடந்தது

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து ஆடா என்ற ஊரில் ஓர் ஏரி இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 4-ம் தேதி சுதந்திர தினத்தன்று அதன் மேல் வாணவேடிக்கை நடக்கும். 2004 முதல் 2006 வரை அந்த ஏரித் தண்ணீரை அளந்தார்கள். சாதாரண நாளில் பெர்குளோரேட் சராசரியாக லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம்கூட இல்லை. 2006-ல் வாணவேடிக்கை முடிந்த 14 மணி நேரத்துக்குள் 44.2 மைக்ரோகிராமைத் தொட்டது. பிறகு 20 முதல் 80 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. இப்படிக் குறைந்ததற்கு நுண்ணுயிர்களின் வேலையே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் விழுந்ததை அந்த ஏரி தாங்கிக்கொண்டது. ஆண்டு முழுவதும் தொழில் நடக்கும் இடத்தில் மண்ணுக்கு அந்த ஓய்வு கிடைக்காது.

நெவாடா மாநிலத்து ஹெண்டர்சன் நகரில் ராக்கெட் எரிபொருளுக்கான பெர்குளோரேட்டைத் தயாரித்த ஆலைகள் இருந்தன. அங்கே மண்ணில் இறங்கிய உப்பு மீட் ஏரி வழியாகக் கொலராடோ ஆற்றில் கலந்ததை 1997-ல் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான மக்கள் குடிக்கும் ஆறு அது. பிறகு நிலத்தடி நீரை இறைத்து, பெரிய தொட்டிகளில் இதே பாக்டீரியாவை வளர்த்து, அதற்கு உணவாக எத்தனால் கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். ஆற்றில் சேரும் பெர்குளோரேட் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இது பணக்கார நாட்டு வித்தை என்று ஒதுக்கிவிட முடியாது. பக்கத்து மாநிலமான கேரளாவில் ஆலுவா அருகே, விண்வெளித் துறையின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை இருக்கும் கீழ்மாடு ஊராட்சியில் கிணறுகளில் இந்த உப்பு கண்டுபிடிக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனமான நிஸ்ட் அங்கே தண்ணீரை ஆராய்ந்து, பாக்டீரியாவைக் கொண்டு சுத்தம் செய்யும் முறையையும் உருவாக்கியது. அளந்து பார்த்ததால்தான் வழி பிறந்தது. நம் பகுதியிலும் முதலில் அளக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பால் பவுடர் கலக்கவும், கர்ப்பிணிகள் குடிக்கவும், சமையலுக்கும் ஆலைகளுக்கு அருகிலுள்ள போர் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். தொலைவிலிருந்து வரும் கூட்டுக் குடிநீரைப் பிடித்து, கிருமிக்காக அதைக் காய்ச்சிக் கொடுங்கள். போர் தண்ணீரைப் பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்கப் பயன்படுத்தலாம். இந்த உப்பு தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகமிகக் குறைவு.

மெழுகுவர்த்தி வடிகட்டி, யு.வி. விளக்கு மட்டும் உள்ள கருவி, குளோரின் மாத்திரை இவற்றால் இந்த உப்பு போகாது. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கும். ஆனால் அதன் சவ்வைக் காலத்தில் மாற்ற வேண்டும். ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, கழிவுத் தண்ணீரில் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள், மாடு கன்றுக்கும் காட்டாதீர்கள்.

அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். நம் வீடுகளில் கல்லுப்புப் பழக்கம் அதிகம். பாக்கெட்டில் அயோடின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மூடிய டப்பாவில் வைத்து, சமையலின் கடைசியில் போடுவது நல்லது. உடம்பில் அயோடின் போதுமான அளவு இருந்தால் பெர்குளோரேட்டின் போட்டி பலவீனமாகும். வாங்கும் பணத்தில் வித்தியாசம் சில ரூபாய்தான்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாய் நல்ல தண்ணீர் குடித்து அயோடின் உப்பும் சாப்பிட்டால் தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது. கர்ப்பம் தெரிந்தவுடன் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். குறை இருந்தால் ஆரம்பத்திலேயே மாத்திரை கொடுத்துச் சரிப்படுத்திவிடலாம்.

மருந்து அறையில் வேலை பார்ப்பவர்கள் வேலை முடிந்ததும் கை, முகம் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அந்தத் தண்ணீர் கிணற்றடியில் தேங்கக் கூடாது.

ஆலை நடத்தும் சகோதரர்களுக்கு

இந்தத் தொழிலால் நம் மாவட்டத்தில் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆலையை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. கழுவும் தண்ணீரை வெறும் மண்ணில் விடாமல், சிமெண்ட் பூசிய தொட்டியில் பிடித்து வைக்கலாம். அதை வெயிலில் வற்றவிட்டால் மிஞ்சும் கசடு காய்ந்து போகும் முன்பே விதிகளின்படி பாதுகாப்பாக அகற்ற வேண்டும், ஏனென்றால் அதுவும் தீப்பிடிக்கக் கூடியது. ஓடைக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் கழிவு மருந்தை எரிக்க வேண்டாம். பல ஆலைகள் சேர்ந்தால் ஆலுவாவில் செய்ததைப் போன்ற சுத்திகரிப்பை இங்கேயும் கேட்டுப் பெறலாம். உங்கள் தொழிலாளியின் பிள்ளையும் அதே போர் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

ஒளூவும் குடிநீரும்

பள்ளிவாசல் போர் தண்ணீரில் ஒளூ செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். தண்ணீரின் நிறம், சுவை, மணம் அசுத்தத்தால் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது மார்க்கச் சட்டத்தில் நாம் அறிந்த அளவுகோல். இந்த உப்பு அவற்றில் எதையும் மாற்றுவதில்லை. ஒளூ செய்வதால் உடம்புக்கும் கேடில்லை. மேலும் விளக்கம் வேண்டுவோர் தங்கள் மஹல்லா ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் நினைவூட்ட விரும்புவது வேறொன்று. ஒளூவுக்குத் தகுந்த தண்ணீர் எல்லாம் கைக்குழந்தையின் பால் பாட்டிலுக்கும் தகுந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஹவ்ளில் தெளிவாகத் தெரிவதைப் பார்த்துப் பாட்டிலில் பிடித்துப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

தேங்கி நிற்கும் தண்ணீரைச் சிறுநீரால் அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பலரும் பயன்படுத்தும் தண்ணீரை ஒருவர் கெடுக்கக் கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது. மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த வழியில்தான் நம் சகோதரர்கள் மறைந்த பெற்றோர் பெயரில் ஸதகத்துல் ஜாரியாவாகப் போர் போட்டுத் தருகிறார்கள். அப்படி வந்த பணத்தில் நமது டிரஸ்ட் பல இடங்களில் போர் போட்டு, தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்புக்கரிப்பு இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று பார்த்தோம். பெர்குளோரேட் இருக்கிறதா என்று ஒரு இடத்திலும் பார்க்கவில்லை. அது எங்கள் குறை. தர்மம் செய்தவரின் நிய்யத்துக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் நல்லதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு.

ஆகவே நிர்வாகக் குழு கூடிச் சில முடிவுகளை எடுத்திருக்கிறது. டிரஸ்ட் போட்ட போர்களில் ஆலைகளுக்கு அருகில் உள்ளவற்றை முதலில் பட்டியலிடுகிறோம். அவற்றின் தண்ணீரை, அயனிகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். முடிவு வரும் வரை அந்தத் தொட்டிகளில் "குடிக்க அல்ல, மற்றப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று பலகை மாட்டுகிறோம். முடிவு எதுவானாலும் மறைக்காமல் இந்த இதழிலேயே வெளியிடுவோம். இனி புதிதாக எங்கே போர் போட்டாலும் பரிசோதனைச் செலவையும் சேர்த்தே நன்கொடை கேட்போம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும், மற்றக் கிராம சபைகளிலும், உங்கள் ஊர்ப் பொதுப் போர்களில் பெர்குளோரேட் பரிசோதனை செய்யக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இது எந்தச் சமுதாயத்துக்கும் தனியான பிரச்சினை இல்லை. ஒரே ஓடைத் தண்ணீர்தான் எல்லாத் தெருவுக்கும் இறங்குகிறது. அக்கம்பக்கத்து இந்து, கிறித்தவ சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

முகாமில் கேள்வி கேட்ட அந்தச் சகோதரியை நேரில் பார்த்து, "காய்ச்சுவது கிருமிக்கு மட்டும்தான்மா, பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்" என்று திருத்திச் சொல்லிவிட்டோம். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்காவது இதைச் சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரையும் நல்ல அறிவையும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.